ரேஷன் கடையில் ரேகை விழவில்லை

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு விளவங்கோடு தாலுகாவில் கேரள எல்லையை ஒட்டின ஊர். 22 வருஷமாக அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், உடைப்பு வேலை. வறுத்த அண்டியைச் சாம்பலில் புரட்டி, கையிலும் சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்போம். இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, வெடித்துப் பிளந்து கிடக்கின்றன. மீன் கழுவினால் உயிர் போகிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன், பலனில்லை. மருந்துக் கடையில் கொடுத்த டியூப் போட்டால் நாலு நாள் சுகம், விட்டால் முன்னைவிட மோசம். போன மாதம் ரேஷன் கடையில் எந்த விரலை வைத்தும் ரேகை விழவில்லை. வேலையை விட வழியில்லை. இது மாறுமா?
— பெயர் வேண்டாம்

பதில்: மாறும். வேலையை விடச் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காப்பு என்று நம்பிப் பூசுகிற சாம்பலுக்கும் இந்த வெடிப்பில் பங்கு உண்டு.

அண்டியின் ஓட்டுக்குள் இருக்கும் கறுப்பு எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தரலாம். வண்ணார் துணியில் குறி போடுகிற சேங்கொட்டையும், மாங்காய்க் காம்பை ஒடித்தால் பீறிடும் பாலும், இந்த ஓட்டு எண்ணெயும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? அதே சங்கதிதான், இங்கே காட்டம் கூடுதல். அந்த எண்ணெயை உறிஞ்சத்தான் சாம்பல். உறிஞ்சவும் செய்கிறது. ஆனால் பாத்திரத்தில் ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கையே எடுத்துவிடுகிற சாம்பல், கைத்தோலின் கொழுப்பை மட்டும் விட்டுவைக்குமா? வியர்வையில் நனைந்தால் சாம்பல் சலவை சோடாவைப் போலக் காரமாகிறது. காரம் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பைக் கரைக்கிறது. கொழுப்புப் போனால் ஈரம் நிற்காது. ஈரம் போன தோல் வளையாது, மடிப்பில் பிளக்கும். நீங்கள் அண்டியைப் பிடிப்பது இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும். வெடிப்பு அந்த இரண்டில் இருப்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

இன்னொன்று. நம் முகத்திலும் தலையிலும் எண்ணெய் வடிகிறதே, அந்த எண்ணெய்ச் சுரப்பி உள்ளங்கையில் ஒன்றுகூடக் கிடையாது. போன எண்ணெயை அது தானாகச் சுரந்து ஈடுகட்டாது, நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

சாம்பலை விட முடியாது, தெரியும். அதைத் தோலின் மேல் நேராகப் பூசாதீர்கள், அவ்வளவுதான். வேலைக்கு உட்காரும் முன் விளக்கெண்ணெயை விரல் இடுக்கு, நகக்கண் விடாமல் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொள்ளும், விளக்கெண்ணெய் கெட்டியாக மேலேயே நிற்கும். அதன்மேல் சாம்பல் போடுங்கள். டீ குடிக்க எழுந்திருக்கும்போது துடைத்துவிட்டு மறுபடி ஒரு பூச்சு.

கையுறை போடுங்கள் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு எளிது. கிலோ கணக்கில் கூலி, பருப்பு முறிந்தால் அதற்கும் பேச்சு. கையுறையோடு உட்கார்ந்தால் அன்றைய கூலி பாதியாகிவிடும் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் முழுக் கையுறை கேட்கவில்லை. பிடிக்கிற அந்த இரண்டு விரலுக்கு மட்டும் உறை போட்டுப் பாருங்கள். நைட்ரைல் கையுறை என்று மருந்துக் கடையில் கிடைக்கும். எண்ணெயை அது சாதா ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். அதன் விரல்களை வெட்டி மாட்டிக்கொள்ளலாம். கிழிந்தால் உடனே கழற்றி எறியுங்கள். ஓட்டை வழியே உள்ளே போன எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் தோலை வேகவைக்கும். கிழிந்த உறைக்கு வெறும் கையே மேல்.

வேலை முடிந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் ஊகிக்கிறேன்: கறுப்புப் போக வேண்டுமென்று துணி சோப்பு, சிலர் மண்ணெண்ணெய், சிலர் பிளீச்சிங் பவுடர். இதுதான் இரண்டாவது அடி. எண்ணெய்க் கறையை எண்ணெய்தான் எடுக்கும். முதலில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு நன்றாகத் தேய்த்துப் பழந்துணியால் துடையுங்கள். பிறகு குளியல் சோப்பு கொஞ்சம், வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். மிச்சமிருக்கும் கறுப்பு மெல்லப் போகட்டும். கை வெள்ளையாக இருந்தே ஆக வேண்டும் என்று யாருக்காகச் சுரண்டுகிறோம்?

தேங்காய் எண்ணெய் பலிக்கவில்லை என்கிறீர்கள். காய்ந்த கையில் தடவியிருப்பீர்கள். எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். காய்ந்த கையில் பூட்ட என்ன இருக்கிறது? ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபின் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கையை வையுங்கள். ஒற்றி எடுங்கள், முழுக்கத் துடைக்காதீர்கள். அந்த ஈரத்தின் மேலேயே வாஸ்லினைத் தாராளமாக அப்பி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

வாஸ்லினுக்குப் பதில் வீட்டிலேயே செய்ய வேண்டுமென்றால், மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நாலு பங்கு. கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிட்டால் களிம்பு தயார். நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

ஆழமாகப் பிளந்த இடத்தில் வாஸ்லின் வைத்து, பிளாஸ்திரி சுற்றிக்கொண்டால் விளிம்புகள் சேர்ந்து சீக்கிரம் மூடும். மூடின பிறகு தோல் காய்த்துக் கடினமாக இருந்தால் 10 சதவீத யூரியா களிம்பு நல்லது. திறந்த வெடிப்பில் போட்டால் காந்தும்.

மீன், மிளகாய், எலுமிச்சை மூன்றையும் ஒரு மாதம் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். ஆண்களுக்கும் கை உண்டு.

இனி அந்த டியூப். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கெட்ட மருந்து இல்லை, நானே எழுதித்தருவேன், இத்தனை நாள் என்று கணக்கு வைத்து. கணக்கில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, முன்னைவிட எளிதாகப் பிளக்கும். உங்களுக்கு நடப்பது அதுவாகவும் இருக்கலாம்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கூலியில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் செய்கிறார்கள் என்றால் அந்த அட்டையைக் காட்டி இஎஸ்ஐ மருந்தகத்திலும் பார்க்கலாம். என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை மறக்காமல் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். சீழ், காய்ச்சல், கொப்புளம், கண் இமையோ முகமோ தடித்து அரிப்பது இருந்தால் மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போங்கள். கையில் எங்காவது உணர்ச்சி குறைந்திருந்தால், சூடு தெரியவில்லை என்றால், அது வெடிப்பு சமாச்சாரம் இல்லை, தொழுநோயா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். சர்க்கரை இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ரேகை அழிந்து போகவில்லை. அது தோலின் உள்ளடுக்கில் வரைந்த கோடு, மேல்தோல் ஆறினால் பழையபடி வரும். அதுவரை அதிகம் உழைக்காத விரலை, இடது கைச் சுண்டுவிரலை, மறுபடி வைத்துப் பாருங்கள். ஆதாரில் கருவிழியும் பதிவாகியிருக்கிறது, கடையில் அந்தக் கருவி இருந்தால் கேட்கலாம். அட்டையில் பெயருள்ள மகனையோ மகளையோ அனுப்பலாம். போகும் அன்று காலையில் மட்டும் வாஸ்லின் பூச வேண்டாம். வழுக்குகிற விரலுக்கும் அந்த மெஷின் அரிசி தராது.