பாரிஸ் சீஸ் கிளிநொச்சிக்கு வரும், சட்டித் தயிர் பாரிசுக்குப் போகுமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் பாரிசில் இருக்கிறாள். போன முறை ஆசையாகக் கொண்டுவந்த பிரீ (Brie) என்ற மென்மையான சீஸ் வீட்டுக்கு வந்து சேரும்போது உருகி, மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தது. எறிந்துவிட்டோம். இந்த முறை எதைக் கொண்டுவரச் சொல்லலாம்? அவள் திரும்பும்போது எருமைத் தயிர், நெய், கருவாடு கொடுத்துவிடலாமா?"

எறிந்தது நல்ல முடிவு, அம்மா. பிரீயின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்த ஈரம்தான் அதை வழுவழுப்பாக்குகிறது, வெயிலில் சீக்கிரம் கெடவும் வைக்கிறது. விமானத்தில் வந்த பிறகு கட்டுநாயக்காவிலிருந்து வவுனியா தாண்டி உங்கள் வீடு வரை ஆறேழு மணி நேரம் வான் வண்டியில் இருக்க வேண்டுமே, அதை அது தாங்காது.

கொம்தே வாங்கிவரச் சொல்லுங்கள். பிரான்சின் ஜூரா மலைப்பகுதிச் சீஸ் அது. திரைந்த பாலைச் சூடாக்கி, நீரை அழுத்தி வெளியேற்றி, குறைந்தது 4 மாதம் முதிர வைக்கிறார்கள். ஒரு வருடம் முதிர்ந்த துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. வறுத்த கச்சான் வாசனை அதில் வரும். எனக்கு எல்லாச் சீஸிலும் பிடித்தது அதுதான், சூடான பாணுக்குள் மெல்லிய துண்டாக வைத்துத் தின்ன வேண்டும். இத்தாலியின் பார்மிஜானோ இதைவிட உலர்ந்தது, குறைந்தது 12 மாதம் முதிர்வது. அதுவும் பயணம் தாங்கும்.

கடையில் காற்று நீக்கிப் பொதி செய்த துண்டாக வாங்கி, இரவு முழுதும் பிரிட்ஜில் குளிரவைத்து, துவாயில் சுற்றி சூட்கேஸின் நடுவில் உடுப்புகளுக்கிடையே வைக்கட்டும். உறையவைக்க வேண்டாம், பிறகு பொலபொலவென்று உதிரும். பூசும் சீஸ் 100 மில்லிலீட்டருக்கு மேலிருந்தால் பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள். கட்டுநாயக்காவில் இறங்கியதும் அந்த சூட்கேஸை வான் கூரையில் ஏற்றாதீர்கள், ஏசி இருக்கும் உள்பக்கத்தில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இருந்தால் கொம்தேயும் பார்மிஜானோவும் அவர்களுக்கு ஆகாது. இரண்டிலும் பாலைத் திரைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. விரத நாளில் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மனம் வருந்தக்கூடாது. நுண்ணுயிர் நொதியால் செய்தது என்று லேபிளில் போட்ட சீஸ் பாரிஸ் கடைகளில் கிடைக்கும். மகள் அதைப் பார்த்து வாங்கலாம்.

வெட்டிய பிறகு எண்ணெய்த்தாளில் சுற்றி பிரிட்ஜில் வையுங்கள். கெட்டியான சீஸில் பூஞ்சணம் பிடித்தால் அந்த இடத்தைச் சுற்றி ஓர் அங்குலம் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். மென்மையான சீஸ் என்றால் முழுவதையும் எறிய வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு பிரீ போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜின் குளிரிலும் பெருகும்.

சரி, திரும்பும் பயணம். தயிரும் நெய்யும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகத் தடை இருக்கிறது. கால் வாய் நோய் போன்ற மாட்டு நோய்கள் அவற்றோடு பரவும் என்பதே காரணம். மாடு வளர்க்கும் வன்னிக்கு அந்த நோயின் கொடுமை தெரியும். இறுக்கி மூடினாலும் பிடிபட்டால் பறித்துவிடுவார்கள், அபராதமும் வரலாம்.

கருவாட்டுக்குத் தடையில்லை. மீனும் இறாலும் சேர்த்து ஒருவருக்கு 20 கிலோ வரை விடுவார்கள், ஆகவே முல்லைத்தீவுக் கருவாடும் காய்ந்த இறாலும் தாராளமாகக் கட்டலாம். மணம் வெளியே வராமல் இரண்டு உறை போடுங்கள். காட்டுத் தேன் 2 கிலோ வரை போகும். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் எல்லாம் பயமில்லாமல் போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கையிலை, மாம்பழம், தோட்டத்தில் போடுகிற விதை இவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அது தேவையில்லை.

தயிரை மகள் வந்திறங்கும் நாளுக்கே சொல்லிவையுங்கள். நிற்கிற நாளெல்லாம் பனங்கட்டியோடு வீட்டிலேயே சாப்பிடட்டும்.