தரம் 3 பிள்ளை கிழமை முழுக்க பள்ளிக்கூடத்தில என்னதான் படிக்குது?

கேட்டவர் சொல்லுறது, மகன் திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் ஒழுங்காப் போறான், ஆனா கொப்பியைத் திறந்தா ரெண்டு மூண்டு பக்கம்தான் இருக்கு, கேட்டா "தண்ணி ஊத்தி விளையாடினனாங்கள்" எண்டுறானாம், ரியூசன் போடோணுமோ எண்டு.

நான் கிளிநொச்சியில, பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில இருந்து உள்ளுக்க இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில தரம் 3க்குப் படிப்பிக்கிறன். உந்தக் கேள்வியைப் பெற்றார் கூட்டத்தில ஆரோ ஒரு அம்மா கட்டாயம் கேப்பா. அதால போன கிழமை எங்கட வகுப்பில நடந்ததையே சொல்லுறன், எங்களுக்கும் தண்ணிதான் ஓடினது.

மழைக்காலம் எண்டதால சுற்றாடல் பாடத்தில குளம், வாய்க்கால், கிணறு எண்டு தொடங்கினன், வான் பாயுறது, அதாவது குளம் நிரம்பி வழியுறது, எண்டா என்ன எண்டு எங்கட பிள்ளையளுக்கு ரீச்சர் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை, அதுகள்தான் எனக்குச் சொல்லும். கணிதத்திலயும் அதையே பிடிச்சுக்கொண்டு லீற்றருக்குப் போனம். ஒரு வாளி, ஒரு லீற்றர் போத்தல், ஒரு அகலச் சட்டி. வாளிக்குள்ள எத்தினை போத்தல் பிடிக்கும் எண்டு முதல் மதிப்பிடோணும், பிறகு ஊத்திப் பாக்கோணும். ஒருத்தன் நூறு எண்டான், ஒருத்தி நாலு எண்டாள்.

அப்பத்தான் கடைசி வாங்கில இருந்த பெடியன் கேட்டான், "ரீச்சர், குளத்துத் தண்ணியை அடியிலதானே சொல்லுறவை, இரணைமடுக் குளம் 36 அடி கொள்ளும் எண்டு அப்பா சொன்னவர், நீங்கள் ஏன் லீற்றர் எண்டுறியள்?"

உதுக்கு வாயால பதில் சொன்னா விளங்காது. போத்தல் நிறையத் தண்ணி எடுத்து அடிமட்டத்தைப் பக்கத்தில நிப்பாட்டி உயரத்தைப் பாத்தம், பிறகு அதே தண்ணியைச் சட்டிக்குள்ள ஊத்தி அதுக்குள்ளயும் அடிமட்டத்தை விட்டுப் பாத்தம். எதில தண்ணி கூட எண்டு கேட்டா பாதி வகுப்பு "போத்தலில"! சட்டித் தண்ணியைத் திருப்பிப் போத்தலுக்குள்ள ஊத்திக் காட்டினன், பழையபடி கழுத்து வரைக்கும் வந்திட்டுது, அப்பவும் ஒருத்தி விடேல்ல, "சட்டியில குறைவுதான் ரீச்சர், ஊத்தேக்க கூடீட்டுது" எண்டு நிக்கிறாள். அந்த வயசில கண்ணுக்கு உயரம்தான் முதல் தெரியும், அவளைக் குறை சொல்லேலாது. பெடியன் கொஞ்ச நேரம் சட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "அப்ப எங்கட குளத்திலயும் இரணைமடுவிலயும் பத்தடி நிண்டாலும் தண்ணி ஒரேயளவு இல்லை என்ன?" எண்டான். கேட்டதும் அவன், விடை சொன்னதும் அவன். ரெண்டு பாடவேளை அதிலயே போட்டுது, கொப்பியில ஏறினது ஒரு வாளிப் படமும் கீழ ஒரு வரியும்தான். நீங்கள் பாத்த பக்கமும் உப்பிடித்தான் இருக்கும்.

கூட்டல் ஈர்க்குக் கட்டோட. பத்து ஈர்க்கு ஒரு கட்டு, 27ஐயும் 15ஐயும் வைச்சா மூண்டு கட்டும் உதிரி பன்னிரண்டும் வரும், அந்தப் பன்னிரண்டில பத்தை எடுத்துப் புதுக்கட்டுக் கட்டினாத்தான் 42. றப்பர் பாண்ட் முடிஞ்சு வாழைநாரில கட்டினம். வீட்டில "மனசில ஒண்டு" எண்டு சொல்லிக் குடுத்துவிட்ட பிள்ளையள் விடையை டக்கெண்டு எழுதும், ஆனா அந்த ஒண்டு எங்கால வந்தது எண்டு கேட்டா முழிக்கும்.

தமிழில சொல்வதெழுதுதல். மழை, வாழை, கிழமை எண்டு ழகரச் சொல்லா அழுத்திக் குடுத்தன், அடுத்தநாள் குளம் எல்லாருக்கும் குழம் ஆகீட்டுது. பரவாயில்லை, அது திருந்தும். "எங்கட குழம் வான் பாயுது. அப்பா வலை கொண்டு போனவர். அம்மா ஏசினவ." எண்டு ஒருத்தி தானா யோசிச்சு எழுதினாள், எனக்கு அந்த மூண்டு வரி கரும்பலகையைப் பாத்து எழுதின மூண்டு பக்கத்தை விடப் பெரிசு.

வியாழக்கிழமை பாதிப்பேர் வரேல்ல. 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறந்து கண்டாவளைப் பக்கம் வெள்ளம் ஏறினதில இருந்து, மழை இறுகினா அம்மாக்கள் பிள்ளையளை மறிச்சுப்போடுவினம், நான் அதில குறை சொல்லமாட்டன். வந்த பிள்ளையளை வைச்சு வாசிப்பு, எழுத்துக் கூட்டத் தடுமாறுற நாலைஞ்சு பேரைப் பக்கத்தில இருத்த அப்பிடியான நாள்தான் கிடைக்கும். மற்றும்படி ஆங்கிலமும் சிங்களமும் கதையும் பாட்டும்தான், சமயத்துக்கு வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளையள் மற்ற வகுப்புக்குப் போவினம்.

ரியூசன்? தரம் 5 புலமைப்பரிசில் சோதனைப் பயத்தில தரம் 3லயே தொடங்குறவை இருக்கினம். அந்தச் சோதனையின்ர முதலாம் தாளில வாற 40 கேள்வியும் பிள்ளை யோசிக்குதா எண்டு பாக்கிறதுதான், அதுக்குச் சட்டியும் போத்தலும் வடிவாக் காணும். வாசிக்க ஏலாத பிள்ளை எண்டா மட்டும் வகுப்பு ரீச்சரோட முதல் கதையுங்கோ. மகனிட்ட "என்ன படிச்சனீ" எண்டு கேக்காமல் "எதில கூடத் தண்ணி பிடிச்சது, ஆர் பிழையாச் சொன்னது" எண்டு கேட்டுப் பாருங்கோ, வாய் மூடமாட்டான். எங்களுக்கு வாற கிழமை நிறை, உங்கட பள்ளிக்கூடத்திலயும் அதுதான் எண்டா கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அரைக்கிலோ பருப்பை அவனையே கேட்டு வாங்கச் சொல்லுங்கோ, தராசைக் கிட்ட நிண்டு பாக்கட்டும்.