வீட்டு இருட்டறையில் வண்ண பிரிண்ட்: ரசாயனம் வாங்குமுன்

கேள்வி: கறுப்பு-வெள்ளைப் படங்களை வீட்டிலேயே பிரிண்ட் போட்டு வருகிறேன். இப்போது வண்ணத்துக்கு மாற ஆசை. ஒரு லிட்டர் கிட்டும் கிடைக்கிறது, லேப்களுக்கான பெரிய கேன்களும் கிடைக்கின்றன. லிட்டருக்கு என்று பார்த்தால் பெரிய கேன் மிகவும் மலிவு. எதை வாங்கலாம்?

பதில்: லிட்டர் விலையைப் பார்க்காதீர்கள். ரசாயனம் கெடுவதற்குள் உங்களால் எத்தனை பிரிண்ட் போட முடியும் என்று நேர்மையாகக் கணக்கிட்டு, அந்த எண்ணிக்கையால் விலையை வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஓரிரு முறை இருட்டறைக்குள் போகிறவருக்குப் பெரிய கேன் பெரும்பாலும் நஷ்டம்தான்.

காரணம் காற்று. பேப்பரில் படத்தை வெளிக்கொணரும் வண்ண டெவலப்பரில் இருக்கும் சிடி-3 என்ற பொருள் ஆக்சிஜன் பட்டால் வீணாகிவிடும். அதனால்தான் அதை ஒரு பாட்டிலிலும் காரத்தை இன்னொரு பாட்டிலிலும் பிரித்து விற்கிறார்கள். கலந்துவிட்டால் ஆயுள் வேகமாகக் குறையும். மூடி திறந்த அடர்கரைசலும் நீண்ட நாள் தாங்காது.

பெரிய கேனில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் 'ரீப்ளெனிஷர்' என்று எழுதியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் தீர்ந்துபோவதை ஈடுகட்டச் சேர்ப்பது அது. இயந்திரத் தொட்டியை முதன்முதலில் நிரப்பும்போது அதோடு 'ஸ்டார்ட்டர்' என்ற திரவத்தையும் கலப்பார்கள். வீட்டில் பலர் ஸ்டார்ட்டர் இல்லாமலே ரீப்ளெனிஷரைப் பயன்படுத்தி நல்ல பிரிண்ட் எடுக்கிறார்கள். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தக் குழப்பம் எதற்கு? முதலில் சிறிய கிட் வாங்குங்கள். கை பழகியபின், உங்களைப் போலவே ஆர்வமுள்ள ஒருவரோடு சேர்ந்து பெரிய கேனை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். அப்போது ஒவ்வொரு பகுதியையும் சிறு கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடி வையுங்கள். அரைகுறையாக நிரம்பிய பாட்டில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஃபிலிம் கழுவ வாங்கிய சி-41 கிட் மீதம் இருக்கிறது. அதையே பேப்பருக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. சி-41 டெவலப்பரில் இருப்பது சிடி-4. வண்ண பேப்பருக்கான ஆர்ஏ-4 முறைக்கு சிடி-3 வேண்டும். பேப்பரின் சாயங்கள் அதற்கேற்பவே அமைக்கப்பட்டவை. பழைய ஸ்டுடியோக்களை காலி செய்யும்போது 'இபி-2' என்று எழுதிய பெட்டிகளும் விலைக்கு வரும். அது ஆர்ஏ-4க்கு முந்தைய முறை, இன்றைய பேப்பருக்கு ஒத்துவராது.

பேப்பர் வாங்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. 'போட்டோ பேப்பர்' என்ற பெயரிலேயே இங்க்ஜெட் லேப்களுக்கான ரோல்களும் விற்கின்றன. அவற்றில் ஒளி படுவதால் எதுவும் ஆகாது. ஆர்ஏ-4 அல்லது சில்வர் ஹாலைடு என்று உறையில் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

கேள்வி: கலப்பதில் என்னென்ன கவனிக்க வேண்டும்? இயந்திரம் இல்லாமல் 35 டிகிரியைப் பிடித்து வைப்பது சாத்தியமா?

பதில்: முதலில் தண்ணீர், பிறகு கிட்டில் சொல்லியிருக்கும் வரிசையில் ஒவ்வொரு பகுதி. ஒன்று முழுதாகக் கரைந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். நுரை எழும்படி அடித்துக் கலக்காதீர்கள், காற்று உள்ளே போகும். டெவலப்பரைக் கலந்து மூடி வைத்தபின், பேப்பரில் இருக்கும் வெள்ளியைக் கரைத்து நீக்கும் பிளிக்ஸைத் தொடுங்கள். டெவலப்பரில் சில சொட்டு பிளிக்ஸ் விழுந்தால்கூட அது பாழ். இரண்டுக்கும் தனித்தனி அளவுக்குவளை, தனித்தனி புனல் வாங்கிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். முழுச் செலவிலும் இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை. கலந்த தேதியையும் பாட்டிலில் எழுதுங்கள்.

வெப்பநிலைக்கு வருவோம். ஆர்ஏ-4இன் அடிப்படைக் கணக்கு 35 டிகிரி செல்சியஸில் டெவலப்பர் 45 வினாடி, பிளிக்ஸ் 45 வினாடி. வீட்டில் டிரேயிலோ டிரம்மிலோ செய்யும்போது ஊற்றி வடிப்பதிலேயே அதில் ஒரு பங்கு போய்விடும். அறை வெப்பநிலையில் டெவலப்பருக்கு ஏறத்தாழ 2 நிமிடம் கொடுத்து வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். எந்த வழியானாலும் நேரத்தையும் வெப்பத்தையும் ஒரே மாதிரி வைத்திருங்கள். அவை மாறினால் நிறமும் மாறும். நிறத்தைச் சரிசெய்யும் ஃபில்டரைத் திருத்தித் திருத்தி பேப்பர்தான் தீரும்.

டெவலப்பருக்கும் பிளிக்ஸுக்கும் நடுவில், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் நீர்த்த அசிட்டிக் அமில ஸ்டாப் பாத் ஒன்று வையுங்கள். பல கிட்களில் அது இருக்காது, தனியாக வாங்க வேண்டும். திட்டுத்திட்டாக வரும் கறைகள் பெரும்பாலும் அதைத் தவிர்த்ததால் வருபவை. வண்ண பேப்பரை முழு இருட்டில்தான் கையாள வேண்டும் என்பதால் தொடங்குகிறவருக்கு நான் ஒளி புகாத டிரம்மையே சொல்வேன்: பேப்பரை உள்ளே போட்டு மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், ரசாயனமும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

கேள்வி: டெவலப்பர் பட்டதிலிருந்து விரல்கள் அரிக்கின்றன. தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

பதில்: உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள், டெவலப்பரின் பெயரையும் அவரிடம் சொல்லுங்கள். வண்ண டெவலப்பர்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை அது வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். எல்லோருமே நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்த பாட்டில்களைத் திறக்கக் கூடாது. அறைக்குள் காற்று வந்துபோக வழி வேண்டும். சமையலறைப் பாத்திரங்களை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

பயன்படுத்திய பிளிக்ஸில் பேப்பரிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. அதைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ விடாதீர்கள். தனி கேனில் சேர்த்து, அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்திலோ, வெள்ளி பிரித்தெடுக்கும் வசதியுள்ள லேபிலோ கொடுங்கள். அந்த கேனில் அமிலத்தை ஊற்றினால் மூச்சை அடைக்கும் கந்தக டை-ஆக்சைடு வாயு கிளம்பும். பிளிக்ஸ் டிரேயைக் கழுவ குளோரின் பிளீச்சையும் எடுக்காதீர்கள். பிளிக்ஸில் உள்ள அமோனியம் உப்புகளோடு அது சேர்ந்தால் நச்சு வாயு வரும். தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும்.