ஏலியிடம் ஓடிய பையன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

சொந்த ஊர் பாளையங்கோட்டை. இப்போது தாம்பரத்தில் இருக்கிறேன், வங்கியில் கிளை மேலாளர். ஆண்டவர் என்னை ஏதோ ஒன்றுக்கு அழைக்கிறார் என்ற பாரம் ஒரு வருடமாக மனதில் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து அதைக் கேட்க நேரமில்லை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. சனிக்கிழமை பாடகர் குழு பயிற்சி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேகர கமிட்டி, அதாவது சபை நிர்வாகக் குழு (நான்தான் செயலாளர்), அப்புறம் வீட்டு ஜெபக் கூட்டங்கள். அதிகாலை நாலரைக்கு எழுந்து ஜெபிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார்கள். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார்கள். மனைவிதான் எழுந்து போவாள், என்றாலும் என் தூக்கமும் கெட்டுவிடுகிறது. அம்மாவை ஒரு நல்ல இல்லத்தில் சேர்க்கலாம் என்று தம்பி சொல்கிறான். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா? தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனிடம் இயேசு சொன்ன ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்ற வசனம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா எல்லாவற்றையும் விட்டு வந்ததுபோல எனக்கும் துணிவு வேண்டும். தியானத்துக்கு ஏற்ற வேளை எது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்தால் உடனே பதில் எழுதுகிற ஆள் இல்லை நான். உங்கள் கடிதம் வந்தபோது வேதாகமத்தில் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த அவசரம்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஏற்ற வேளை எது என்றால், உங்களுக்குக் கண் சொருகாத வேளை. நாலரை மணிக்குப் பரலோகத்தில் தனி கவுன்டர் எதுவும் திறப்பதில்லை. வேலையை விடலாமா என்று கேட்கிறீர்கள். வீட்டுக் கடன் உண்டா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஒரு வரிகூட எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? அது இருக்கட்டும். கமிட்டி செயலாளர் பதவியை நாளைக்கே விட்டுவிடலாம். ஆள் கிடைக்காமல் சபை தவித்துவிடாது. தேர்தல் சமயத்தில் அந்த நாற்காலிக்கு எத்தனை பேர் அலைகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. ‘ராத்திரியில் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார்கள்.’

சாமுவேலின் கதை ஓய்வுநாள் பள்ளியிலேயே நமக்கு மனப்பாடம். அதனால் அதில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆலயத்து ஆசாரியர் ஏலிக்கு வயதாகிவிட்டது, கண்கள் இருளடையத் தொடங்கிவிட்டன. ஆலயத்தில் விளக்கு இன்னும் அணையவில்லை. படுத்திருக்கிற பையனை ஒரு குரல் கூப்பிடுகிறது. அவன் எங்கே போகிறான்? முழங்கால் போடவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. கிழவரிடம் ஓடுகிறான். ‘இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே.’ இல்லை, போய்ப் படு என்கிறார் ஏலி. படுத்தால் மறுபடியும் குரல். மறுபடியும் ஓடுகிறான். மூன்றாம் தடவையும் எழுந்து போகிறான். ‘சும்மா தூக்கத்தைக் கெடுக்கிறீர்’ என்று அந்தப் பிள்ளை முணுமுணுத்ததாக ஒரு சொல் இல்லை.

வேதத்தில் எழுதாத ஒன்றை ஊகித்துச் சொல்கிறேன், தவறென்றால் இறையியல் படித்தவர்கள் சண்டைக்கு வரட்டும். அந்தப் பையனுக்கு அது பழக்கம். கண் தெரியாத கிழவர் தண்ணீருக்குக் கூப்பிட்டிருப்பார், வெளியே போகக் கைபிடிக்கக் கூப்பிட்டிருப்பார். ராத்திரியில் தன் பெயரைக் கேட்டால் அது ஏலியின் குரலாகத்தான் இருக்கும் என்று அவனுக்கு இருந்தது. ‘சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்’ என்று வசனமே சொல்கிறது. கர்த்தரை அறியாதவன் கர்த்தருடைய குரலுக்கு எழுந்தது எப்படி? கிழவருக்கு எழுந்து பழகியிருந்ததால். சத்தத்தைக் கேட்டும் புரண்டு படுக்கிற பையனாக இருந்திருந்தால் கதை முதல் தடவையோடு முடிந்திருக்கும்.

இன்னொன்று. அந்த வீட்டில் முழுநேர ஊழியர்கள் ஏற்கனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும். ஆசாரியர்கள். பலியிட வருகிறவர்களின் இறைச்சி வேகும்போது அவர்களுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தோடு வந்து பானைக்குள் குத்துவான், அதில் வருவதெல்லாம் ஆசாரியனுக்கு. சபையார் கூடிச் சாப்பிடுகிற நம் அசனப் பண்டிகைப் பந்தல்களிலும் அந்த ஆயுதத்தைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். அந்த ராத்திரியில் தகப்பன் படுத்திருந்த இடத்துக்கு எழுந்து ஓடியவன் அவர் பெற்ற பிள்ளை இல்லை, யாரோ பெற்றுக் கொண்டுவந்து விட்ட பிள்ளை. உங்கள் வீட்டில் எழுந்து போகிறவர்களும் உங்கள் அம்மா பெற்ற பிள்ளை இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

உங்கள் நேரப் பட்டியலில் பாடகர் குழு இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. உங்கள் மனைவியின் ஒரு மணி நேரம்கூட இல்லை. பக்கவாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். சாப்பாட்டைக் குழைத்து, தலையை உயர்த்தி, புரை ஏறாமல் ஊட்ட வேண்டும். விடிய விடிய இதைச் செய்துவிட்டு அந்தப் பெண் எத்தனை மணிக்கு ஜெபிக்கிறாள் என்று கேட்டதுண்டா? ஆண்டவர் அவளையும் ஏதோ ஒன்றுக்கு அழைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? அவள் எனக்குக் கடிதம் எழுதவில்லை. எழுத நேரம் இருந்திருக்காது.

அடக்கம்பண்ணுகிற வசனத்தைச் சொல்கிறீர்கள். சரி. அதைச் சொன்ன அதே வாய்தான் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கொர்பானைப் பற்றிப் பேசுகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘இது தேவனுக்குக் காணிக்கை’ என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அங்கே ஒரு சௌகரியமான ஏற்பாடு இருந்தது. பரிசேயர்களை இயேசு அதற்காகக் கடிந்துகொண்டார். சிலுவையில் தொங்குகிற வேளையிலும் தம் தாயை யோவானிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். உங்களுக்கு வசதியான வசனம் மட்டும் நினைவுக்கு வருகிறதென்றால் நினைவூட்டுகிறவர் யார் என்று கொஞ்சம் விசாரியுங்கள், தம்பி.

இல்லத்தில் சேர்ப்பதைப் பாவம் என்று சொல்ல வரவில்லை. சில வீடுகளில் நோயாளிக்கு அதுதான் நல்லது. சேர்ப்பதானால் அம்மாவுக்காக என்று சொல்லிச் சேர்த்துவிடுங்கள், ஆண்டவருக்காக என்று சொல்லாதீர்கள்.

ஐடா ஸ்கடர் கதையைத் தயவுசெய்து முழுதாகச் சொல்லுங்கள். மிஷனரி குடும்பத்துப் பெண், ஊழியமே வேண்டாம், அமெரிக்காவில் நிம்மதியாக வாழ்வேன் என்று இருந்தவர். 1890-ல் அவர் திண்டிவனத்துக்கு வந்தது எதையும் விட்டுவிட்டு இல்லை, தரிசனம் பார்த்தும் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் வந்தார். அங்கே இருந்தபோதுதான் ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து நின்றார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் தொடக் கூடாது. இவருக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். 1899-ல் கார்னெலில் மருத்துவப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, பிற்பாடு அத்தனை பெரிய சி.எம்.சி. பிரசங்கங்களில் அந்த மூன்று கணவர்களும் தவறாமல் வருவார்கள், திண்டிவனத்தில் படுத்திருந்த அம்மா வந்து நான் கேட்டதில்லை. அழைப்பு வந்தபோது அவர் எந்த வீட்டில், எதற்காக இருந்தார் என்பது உங்களுக்கு முக்கியம் இல்லையா?

எங்கள் வீட்டில் ஒரு அத்தை இருந்தாள், அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த ஆச்சியை வருடக்கணக்காகப் பார்த்தவள் அவள்தான். பெட்பேனைக் கழுவிக் கிணற்றடிச் சுவரில் சாய்த்து வெயிலில் காயவைப்பாள், கை அதன்பாட்டுக்கு வேலை செய்யும், வாய் ஏதாவது ஒரு கீர்த்தனையின் சரணத்தில் இருக்கும். பல்லவி பாடிக் கேட்டதே இல்லை, நடுவிலிருந்துதான் தொடங்குவாள். கன்வென்ஷனுக்குப் போனதில்லை, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பெயர் இல்லை. அவள் அடக்க ஆராதனைக்கு வந்த ஐயர், அதாவது சபைப் போதகர், ஊருக்குப் புதியவர். நோட்டும் பேனாவுமாக வீட்டுக்குள் வந்து, ‘அம்மா சபையில எந்த ஊழியத்துல இருந்தாங்க?’ என்று கேட்டார். பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். கடைசியில் யாரோ ‘காணிக்கை ஒழுங்கா கொடுப்பா’ என்றார்கள். ஐயர் அதை எழுதிக்கொண்டார். அந்த நோட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

உங்கள் மேல் அவ்வளவு கோபம் இல்லை. ராத்திரிக் கூப்பாட்டை மறைக்காமல் எழுதினீர்களே, மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவா போகிறது? இரவு எட்டரைக்கு வந்து விழுகிற உடம்புக்குத் தூக்கம் வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்று செய்யுங்கள். ஒரு மடக்குக் கட்டில் வாங்கி அம்மா அறையில் போட்டு, இந்த மாதம் ராத்திரி நீங்கள் படுங்கள். மனைவியை வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். நோயாளியைப் புரட்டுகிற முறையை முதலில் அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், இழுத்தால் அம்மாவுக்குத் தோள் பிசகிவிடும். பாடகர் குழுவில் ஒரு குரல் குறைந்தால் சமாளித்துக்கொள்வார்கள்.

வேலையை விடுவதைப் பற்றி மாதக் கடைசியில் எழுதுங்கள். அதற்குள் உங்கள் மனைவியிடமிருந்து கடிதம் வந்தால் முதல் பதில் அவர்களுக்குத்தான்.

அன்புடன்,
அண்ணாச்சி