கேள்வி – பதில்: லைவ் எய்டும் பிரையன் மேயின் கிட்டாரும்

கே: 1985இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு கச்சேரியில் வாசித்த 21 நிமிடத்தில்தான் பிரிட்டிஷ் ராக் குழுவான குயின் மறுவாழ்வு பெற்றது என்கிறார்களே, உண்மையா?

ப: பாதி உண்மை. குழு படுத்துவிடவில்லை, பெயர்தான் கெட்டிருந்தது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், சன் சிட்டியில் 1984இல் வாசித்ததற்கு வாங்கிய வசவு ஓயவில்லை. அமெரிக்காவிலும் மவுசு குறைந்திருந்தது. ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் கைகொடுத்தது ஒத்திகை. லண்டன் ஷா தியேட்டரில் உட்கார்ந்து, ஆறு பாட்டுகளை நேரத்துக்குள் அடங்குமாறு நறுக்கினார்கள். ‘பொஹீமியன் ராப்சடி’யில் கிட்டாரிஸ்ட் மேயின் சோலோ (தனி வாசிப்பு) முடிந்ததும், ஓபரா பகுதியைத் தொடாமலே ‘ரேடியோ கா கா’வுக்குத் தாவினார்கள். ஓபராவுக்கு மேடையில் வழக்கமாக ஒலிநாடாதான் ஓடும். அந்த வில்லங்கமும் தவிர்ந்தது. பெருமை முழுக்கப் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கே போயிற்று. கிட்டாருக்காகப் பார்ப்பவர்கள், மே எழுதிய ‘ஹேமர் டு ஃபால்’ வரும் இடத்தைப் பாருங்கள். மறு வருடம் அதே வெம்ப்ளியில் இரண்டு இரவு வாசித்தார்கள்.

கே: மேயின் தொனிக்காக ட்ரெபிள் பூஸ்டர் பெடல் வாங்கினேன். என் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) கிட்டாரில் காதைக் கிழிக்கிறது. ஏன்?

ப: ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) க்ளீனாக, அதாவது ஒலி உடையாதபடி, வைத்திருப்பீர்கள். பூஸ்டர் பேஸைக் குறைத்து, மேல் ஒலியைத் தூக்கி ஆம்ப்புக்குள் தள்ளும். மேயின் ஆம்ப்பான வாக்ஸ் ஏசி30இன் நார்மல் சேனலில், வால்யூம் முழுசாகத் திறந்திருக்கும். வால்வுகள் திணறி அந்தக் கூர்மையை மழுக்கிவிடும். திணறாத ஆம்ப்பில் கீச்சொலிதான் மிஞ்சும். ஆம்ப்பை ஏற்றுங்கள், க்ளீன் வேண்டும்போது கிட்டார் வால்யூமை இறக்குங்கள். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் என்றால் ஆம்ப் ஒலியை நகலெடுக்கும் சிமுலேட்டரில் ஏசி30. பூஸ்டர் கிட்டாரை அடுத்து முதல் பெடலாக இருக்கட்டும். பஃபர் (சிக்னல் தேயாமல் காக்கும் சர்க்யூட்) உள்ள பெடலுக்குப் பின்னால் போட்டால் வால்யூமைக் குறைத்தாலும் சரியாக க்ளீன் ஆகாது.

அப்போதும் கொஞ்சம் ஒல்லியாகவே கேட்கும். ஸ்ட்ராட்டில் இரண்டு பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) சேரும்போது பேரலல், அதாவது பக்கப்பக்கமாக இணைப்பு. மேயின் கிட்டாரான ரெட் ஸ்பெஷலில் மூன்று பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப்பும் சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பு, ஒலி தடிக்கும்), ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்-ஆஃப், சிக்னலைத் தலைகீழாகத் திருப்பத் தனி ஃபேஸ் சுவிட்ச். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து நெக், மிடில் பிக்கப் இரண்டையும் சீரிஸில் மாற்றிப் பாருங்கள்.

கே: அவர் பிளெக்ட்ரமாக (கம்பி மீட்டும் வில்லையாக) வைத்திருக்கும் பழைய பிரிட்டிஷ் ஆறு பென்னி நாணயத்துக்கு இங்கே மாற்று உண்டா?

ப: 1980 வாக்கில் வந்த பழைய நாலணா. அதுவும் குப்ரோ-நிக்கல் (செம்பு-நிக்கல் கலவை), 19 மி.மீ., ஓரத்தில் வரி. லேசாகப் பிடித்துச் சாய்த்தால் அந்த வரி கம்பியில் கரகரக்கும். இப்போதைய ஸ்டீல் காசு வேண்டாம், கம்பியைத் தின்றுவிடும்.