செயினை அடகு வைக்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

பரீட்சை முடிவுகள் வந்த பிறகு கடிதங்கள் குவிந்துவிட்டன. 31 வருடம் அரசு ஐ.டி.ஐ.களில் டர்னர் (லேத் மெஷினில் இரும்பைக் கடைகிற தொழில்) பிரிவுப் பயிற்றுநராக இருந்தவன் என்பதால், படிப்பா தொழிலா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறீர்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் 600-க்கு 342 எடுத்திருக்கிறான். அரசுப் பள்ளி, கணக்கு குரூப். லீவு விட்டால் உசிலம்பட்டி ரோட்டில் உள்ள மோட்டார் வைண்டிங் (எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற) கடையிலேயே கிடப்பான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேரப்போகிறேன் என்கிறான். என் அண்ணன் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் மேனேஜ்மென்ட் சீட்டு பேசிவிட்டு வந்து, “நம்ம வகையறாவில் முதல் பட்டதாரி இவன்தான்” என்று நிற்கிறார். அதற்கு என் ஐந்து பவுன் செயினை அடகு வைக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, மழை பெய்தால்தான் சோளம். வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போகிறார். டிகிரி இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று மாமியார் கேட்கிறார். நான் என்ன செய்ய, சார்?
– ஒரு தாய், செல்லம்பட்டி பக்கம்

பதில்: தங்கச்சி, முதலில் செயினைப் பேசி முடித்துவிடுவோம். அது உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். பையன் கடைசியில் காலேஜுக்கே போனாலும் அதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021-லிருந்து நடைமுறையில் உள்ளது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அதில் கிடைக்காமல் பொது இடத்தில் கிடைத்தாலும், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இரண்டுமே கலந்தாய்வு வழியாகப் போகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் போச்சு. உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் அலைகிறார். இந்த விவரத்தை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி பையன். கடையில் கிடப்பதும் தொழில் பிடித்துப்போவதும் ஒன்றில்லை. டீ, அரட்டை, செல்போன், கூட்டாளிகள் என்று கடையில் பொழுதைக் கழிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து மூன்றாவது மாதமே மட்டம் போட ஆரம்பிப்பார்கள். உங்கள் மகன் எந்த ரகம் என்று தெரிய, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கடைப் பக்கம் போங்கள். எரிந்துபோன மோட்டார் ஒன்று கட்டாயம் பிரித்துக் கிடக்கும். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனதைக் கவனிக்காமல் ஓடியிருக்கும், இல்லையென்றால் போர்வெல்லில் தண்ணீர் இறங்கி வெறுமனே சுற்றியிருக்கும். கருகின வார்னிஷ் வாடை குமட்டும். பழைய காயிலை வெட்டி இழுக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ் (கனம்) கம்பி, எந்த ஸ்லாட்டிலிருந்து (காயில் உட்காரும் பள்ளம்) எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மகன் கையில் இருந்தால் எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனிடம், “24 ஸ்லாட், இரண்டு போல் (காந்த முனை), மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு போலுக்கு ஒரு பேஸுக்கு எத்தனை ஸ்லாட்?” என்று கேளுங்கள். நான்கு என்று சொல்லி, அது எப்படி வந்தது என்றும் சொன்னால், அவன் அங்கே வேடிக்கை பார்க்கவில்லை. 24-ஐ 2-ஆலும் 3-ஆலும் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று ஒதுக்கப்பட்ட பையன்கள் இந்தக் கணக்கை விரலில் போடுவதை நான் வருடா வருடம் பார்த்தவன்.

இப்போது என் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உங்களுக்கு யோசனை சொல்வது நியாயமில்லை.

எனக்கு எழுமலைப் பக்கம், பருத்திக் காடு. 1980-ல் மதுரை புதூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் சேர்ந்தேன். லேத்தில் நின்று சம்பாதித்துத்தான் இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்தேன், வீடு கட்டினேன். அப்படிப்பட்ட நான், ஊரார் பிள்ளைகளிடம் “தொழிலைக் கத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே, என் மகனை 2013-ல் பி.இ. மெக்கானிக்கலில் தள்ளினேன். அவன் பத்தாவது முடித்ததிலிருந்தே மெஷின் பக்கம் வருகிறேன் என்றான். நான்தான் கேட்கவில்லை. வாத்தியார் மகன் ஐ.டி.ஐ.யா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் எனக்கு. நான்கு வருடப் படிப்பு, வங்கிக் கடன். முடித்துவிட்டுச் சென்னையில் மெஷினே இல்லாத ஒரு வேலையில் இரண்டு வருடம் இருந்தான். பிறகு திரும்பி வந்து, கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற மெஷின்) கற்றுக்கொண்டான். அங்கே அவனுக்கு வேலை பழக்கியவன் என்னிடம் ஐ.டி.ஐ. படித்த பையன். அன்று ராத்திரி சாப்பிடும்போது மகன் கேட்டான்: “மத்த பிள்ளைங்ககிட்ட சொன்னதை என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?” எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பி.இ. வீண் படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. என் மகன் இப்போது புரோகிராம் எழுதுகிறான், படித்தது அதற்கு உதவுகிறது. ஆனால் பிள்ளை ஒரு பக்கம் இழுக்க, நாம் கௌரவத்துக்காக இன்னொரு பக்கம் இழுத்ததில் அவனுடைய ஆறு வருடம் போனது. அந்த வருடங்களை நான் திருப்பித் தர முடியாது.

ஐ.டி.ஐ. பக்கமும் எல்லாம் இனிப்பு இல்லை, தங்கச்சி. எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முடித்ததும் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) போகலாம், அதிலும் மாதா மாதம் பணம் உண்டு. சிக்கல் அதற்குப் பிறகுதான். அப்ரண்டிஸ் முடிந்த அன்றே “போய் வா” என்று அனுப்பிவிட்டு அடுத்த செட் பையன்களை எடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. கான்ட்ராக்டில் பத்து வருடம் ஒரே சம்பளத்தில் நிற்கிறவர்களும் என் மாணவர்களில் உண்டு. தப்பித்தவர்கள் யார் என்று பார்த்தால், வேலை பார்த்துக்கொண்டே ஏதோ ஒன்றை மேலே படித்தவர்கள், இல்லையென்றால் சொந்தக் கடை போட்டவர்கள். ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வுக்குப் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம், டிகிரி கேட்பதில்லை. அதை எழுதச் சொல்லுங்கள். அவனுக்குக் கணக்கு குரூப் வேறு. நாளைக்கு மனசு மாறினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

மாமியார் கேட்டதை நான் தள்ளிவிட மாட்டேன். பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.இ. போட வேண்டும் என்று ஆசைப்படுகிற சனம் நம் பக்கம் நிறைய. என் தங்கச்சி கல்யாணத்திலேயே ஒருத்தர் என்னைக் காட்டி “பட்டறையில இருக்காரு” என்று இறக்கித்தான் சொன்னார். அது வலிக்கும், உங்கள் மகனுக்கும் வலிக்கும். அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் உசிலம்பட்டி வட்டாரத்தில் போர் மோட்டார் இல்லாத ஊர் எது? சித்திரை வெயிலில் மோட்டார் எரிந்துவிட்டால், தோட்டக்காரர் முதலில் போன் போடுவது வைண்டிங் கடைக்குத்தான். அந்தக் கடைக்காரருக்குப் பெண் கொடுக்க யோசித்த மாமனாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நோட்டு அவன் கையில் இருந்தால் ஐ.டி.ஐ.க்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யுங்கள். தேதி தவறிவிடக் கூடாது என்பதால் இரண்டுக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

கேள்வி: பத்தாவதில் 378 மார்க். எனக்கு ஃபிட்டர் (இரும்பு உதிரிபாகங்களைத் தேய்த்துப் பொருத்துகிற தொழில்) படிக்க ஆசை. அண்ணன், “அது ஆம்பளைப் பசங்க படிக்கிறது, பிளஸ் டூ முடிச்சு காலேஜ் போ, இப்ப ஐ.டி.ஐ. போனா வாழ்க்கை முழுக்க டிகிரி வாங்க முடியாது” என்கிறான். உண்மையா சார்?
– மாணவி, கொட்டாம்பட்டி அருகில்

பதில்: தாயி, அண்ணன் சொன்ன கடைசி விஷயம் தப்பு. கணக்குப் போட்டுக் காட்டு. பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், மொத்தம் ஆறு. ஃபிட்டர் இரண்டு வருடம், பிறகு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் இரண்டு வருடம், டிப்ளமோ முடித்து பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் மூன்று வருடம், மொத்தம் ஏழு. ஒரே ஒரு வருடம்தான் கூடுதல். நடுவில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் உன் கையில் வேலைக்கான ஒரு சான்றிதழ் இருக்கும். பி.இ. வேண்டாம், பி.ஏ. போல ஏதாவது போதும் என்று பின்னால் தோன்றினாலும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலம் மொழித் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் தருகிறார்கள்.

ஃபிட்டரில் ஆரம்ப நாட்கள் முழுக்க அரம்தான். ஒரு இரும்புத் துண்டைத் தேய்த்துத் தேய்த்துச் சதுரமாக்க வேண்டும். உள்ளங்கை கொப்புளம் போடும். ட்ரை ஸ்கொயரை (மூலை மட்டம்) அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் கீற்று ஒளி தெரியக் கூடாது. என் பக்கத்து ஷெட்டில் ஒரு வருடம் இரண்டு பெண் பிள்ளைகள் ஃபிட்டர் படித்தார்கள். பையன்கள் “போதும் சார்” என்று வந்து நிற்கும்போது, அவர்கள் அந்த ஒளி மறையும்வரை தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இன்றும் அது கண்ணில் நிற்கிறது.

கூட்டத்தில் ஒற்றைப் பெண்ணாக இருக்கத் தயக்கமென்றால், மதுரையில் மகளிருக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே என்னென்ன பிரிவுகள் உண்டு என்று அம்மாவோடு நேரில் போய்க் கேட்டு வா. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கும் வரும், ஐ.டி.ஐ.க்கும் அது பொருந்தும். ஷெட்டுக்குள் போகும்போது சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் வை, துப்பட்டா வேண்டாம். சுற்றுகிற மெஷின் துணியைப் பிடித்தால் விடாது.

கேள்வி: பி.ஏ. முடித்து மூன்று வருடமாகிறது. பேரையூரில் ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறேன். 24 வயதில் ஏ.சி. மெக்கானிக் படிக்க ஐ.டி.ஐ. போனால் சேர்ப்பார்களா? வெட்கமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: சேர்ப்பார்கள், தம்பி. நம் மாநிலத்தில் ஆண்களுக்கு 40 வயதுவரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. என் வகுப்பில் 29 வயதில், கல்யாணமாகி, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து 16 வயதுப் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்தவர் இருந்தார். முதல் வாரம்தான் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அப்புறம் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பதற்கு முன்னால் அவரைத்தான் கேட்டார்கள். குளிர்பதனப் பிரிவு இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம் வீட்டுச் செலவை யார் பார்ப்பார்கள் என்பதை மட்டும் இன்றே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில், பையன் தினமும் வர வேண்டாம், பணத்தைக் கட்டினால் பரீட்சைக்கு வந்தால் போதும், சர்டிபிகேட் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். சேர்க்கலாமா?
– விவசாயி, வாடிப்பட்டி

பதில்: சேர்க்காதீர்கள் ஐயா. கைப்பழக்கம் இல்லாத பையன் எலக்ட்ரீஷியன் என்று காகிதத்தை நீட்டினால், அதை நம்பி யாராவது ஒருவர் அவனை மின்கம்பத்தில் ஏற்றுவார். லைன் ஆஃப் என்று நினைத்து ஏறிய ஒருவனின் சாவுக்கு நான் போய் வந்திருக்கிறேன். எந்த ஐ.டி.ஐ. ஆனாலும் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் ஷெட்டுக்குள் நடந்து பாருங்கள். வெல்டிங் பூத்தில் புதுக் கசடு கிடக்க வேண்டும். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்க வேண்டும். மெஷின்மேல் விரலை வைத்தால் எண்ணெய் ஒட்ட வேண்டும். தூசி ஒட்டினால் அப்படியே பஸ் ஏறிவிடுங்கள்.

கேள்வி: எட்டு வருடமாக ஒரு மேஸ்திரியோடு வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். ஐ.டி.ஐ. படிக்கவில்லை, 26 வயது. கையில் எந்தச் சான்றிதழும் இல்லை. இனிமேல் வழி உண்டா?
– திருமங்கலம்

பதில்: உண்டு. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசு நடத்துகிறது. 21 வயது முடிந்து, வயரிங் வேலையில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. அறிவிப்பு நாளிதழில் வரும், விண்ணப்பத்தைப் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் கொடுக்க வேண்டும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த வாரமே புதூர் ஐ.டி.ஐ. அலுவலகத்துக்குப் போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழை மேஸ்திரியிடம் இப்போதே கேளுங்கள், அவரோடு நல்லபடியாக இருக்கும்போதே. பிரிந்து போன பிறகு கையெழுத்துக்காக ஒரு வருடம் அலைந்த பையனை எனக்குத் தெரியும்.