ஆறாம் வகுப்பில் 'லாங்குவேஜ் ஆர்ட்ஸ்': அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளும் ஓர் ஆசிரியையின் பதில்களும்

கலிஃபோர்னியாவில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பள்ளி திறக்கும் நாள் நெருங்கினாலே தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை எல்லோரும் சேர்ந்தே கேளுங்கள் என்றேன். பாடத்திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த வகுப்பில் என்ன கற்றிருக்க வேண்டும் என்று சொல்லும், 2010-இல் வெளியான 'காமன் கோர்' வரையறையைப் பெரும்பாலான மாநிலங்கள் அல்லது அதைத் தழுவிய ஒன்றைப் பின்பற்றுகின்றன. டெக்சஸ், வர்ஜீனியா போன்ற சில மாநிலங்களுக்குத் தனித் திட்டம் உண்டு. ஆனால் வகுப்பறைக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

டாலஸிலிருந்து ஒரு தாய்: அக்கா, மகளின் அட்டவணையில் 'லாங்குவேஜ் ஆர்ட்ஸ்' என்று இருக்கிறது. ஓவியம், கைவினை எல்லாம் இதில் சேர்ந்ததா? ஐந்தாம் வகுப்பைவிட என்ன மாறும்?

ஓவியம் இல்லை அம்மா. வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல், இலக்கணம் எல்லாம் ஒரே பாடமாகச் சேர்ந்ததுதான் இது.

இதுவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர், ஒரே அறை. இனி மணி அடித்ததும் அறை மாறும், ஆசிரியரும் மாறுவார். என் வகுப்புகளுக்கு ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்து போகிறார்கள். எந்தக் கட்டுரையை எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் மகளே குறித்துவைக்கப் பழக வேண்டும். முதல் சில வாரங்களில் பிள்ளைகள் தடுமாறுவது பாடத்தைவிட இதில்தான் அதிகம்.

இன்னொரு மாற்றம் அதைவிடப் பெரியது. 'கதையில் என்ன நடந்தது?' என்ற கேள்வி குறைந்து, 'அது உனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வி நாள்தோறும் வரும்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தந்தை: என் மகன் புத்தகப் புழு. ஆனாலும் எழுத்து விடைகளுக்கு 4-க்கு 2 தான் வருகிறது. விடை சரிதான் என்று அவன் அழுகிறான். நானும் படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவன் அழுவது நியாயம், விடையும் சரி. ஆனால் இங்கே விடை சரியாக இருப்பது பாதி வேலைதான். நானே எழுதிய மூன்று வரிகளை வைத்துச் சொல்கிறேன்:

"பாட்டி மூன்றாம் முறையாக வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்தாள். அடுப்படியில் குழம்பு ஆறிப்போயிருந்தது. விரித்த இலையை மட்டும் அவள் எடுத்துவைக்கவில்லை."

கேள்வி: பாட்டியின் மனநிலை என்ன?

உங்கள் மகன் இப்படி எழுதியிருப்பான்: 'யாரோ வராததால் பாட்டி கவலைப்படுகிறாள்.' சரியான விடை, 2 மதிப்பெண். முழு மதிப்பெண் விடை இப்படி இருக்கும்: 'சாப்பிட வர வேண்டியவர் வராததால் பாட்டி கவலைப்படுகிறாள். அவள் "மூன்றாம் முறையாக" வாசலுக்கு வந்தாள் என்பதிலிருந்து நெடுநேரமாகக் காத்திருக்கிறாள் என்று தெரிகிறது. ஆனாலும் குழம்பு ஆறிய பிறகும் இலையை எடுக்காததால், வருவார் என்ற நம்பிக்கையை அவள் விடவில்லை.'

முதல் விடையில் கவலை மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் நம்பிக்கையும் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது அந்த இலை. கதையிலிருந்து ஆதாரத்தைத் தேடப் போன பிள்ளைக்குத்தான் இலை கண்ணில் படும். வேகமாகப் படிப்பவன் கதை எப்படி முடிகிறது என்று பார்க்க ஓடிவிடுவான். புத்தகப் புழுக்கள் பலருக்கு மதிப்பெண் குறைவது இதனால்தான்.

வீட்டில் இதற்குத் தனி வகுப்பு தேவையில்லை. இரவில் அவன் படிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அவனுக்குக் கோபம் என்று எந்த வரி சொல்கிறது?' அந்த வரியில் அவன் விரலை வைக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டுரையோடு மதிப்பீட்டு அட்டவணை ஒன்றும் கொடுப்பார்கள், ரூப்ரிக் என்பார்கள். எழுதத் தொடங்கும் முன்பே அவன் அதைப் படிக்கட்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது அதில் ஒளிவுமறைவின்றி இருக்கும்.

ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு தந்தை: இலக்கணமே நடத்துவதில்லையே? நாங்கள் படித்த காலத்தில் தனிப் புத்தகம் இருந்தது.

நடத்துகிறோம். தனிப் பாடவேளையாக இல்லாததால் உங்கள் கண்ணில் படுவதில்லை. காமன் கோர் வரையறைப்படி ஆறாம் வகுப்பில் பிரதிப்பெயர்கள், ஏழில் சொற்றொடர்களும் துணை வாக்கியங்களும், எட்டில் வினையிலிருந்து பிறக்கும் பெயர், எச்ச வடிவங்களும் செய்வினை, செயப்பாட்டு வினையும் வருகின்றன. 'ஓடிவந்த பையனின் நாய்' என்றால் ஓடிவந்தது பையனா, நாயா? ஆங்கிலத்தில் இத்தகைய குழப்பம் வராமல் அடைமொழியை உரிய இடத்தில் வைப்பது ஏழாம் வகுப்புப் பாடம். பழைய புத்தகத்திலிருந்து பயிற்சி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பிள்ளை தானே எழுதிய பத்தியைத் திருத்தும்போது பதிவதுபோல் அது பதியாது.

கோயம்புத்தூரிலிருந்து அண்மையில் வந்த தாய்: மேடம், மகளை ஏழாம் வகுப்பில் சேர்க்கிறோம். வீட்டு மொழி என்ன என்று படிவத்தில் கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள், ஆங்கிலம் என்று எழுதுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள்.

தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் ஓர் ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள், அவ்வளவே. கலிஃபோர்னியாவில் அதன் பெயர் எல்பேக். பள்ளியில் சேர்ந்த 30 நாட்களுக்குள் நடத்த வேண்டும். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பலர் அதில் எளிதாகத் தேறிவிடுகிறார்கள். தேறாவிட்டால் கூடுதல் உதவி கிடைக்கும், அது அவளுடைய சட்ட உரிமை. அந்த உதவி வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் மறுக்கவும் முடியும். ஆனால் தேறும்வரை ஆண்டுத் தேர்வு தொடரும்.

அவளுக்கு உண்மையான சிரமம் வேறு இடத்தில் வரும். குறிப்பெடுத்து, மனப்பாடம் செய்து, அப்படியே எழுதிப் பழகியிருப்பாள். இங்கே அவளுடைய சொந்தக் கருத்தைக் கேட்பார்கள். எழுத்துக்கூட்டலும் மாறும்: 'கலர்' என்ற சொல்லில் இங்கே 'யு' எழுத்து இல்லை. 'கசின் பிரதர்' என்று எழுதினால் ஆசிரியருக்குப் புரியாது. இவையெல்லாம் சில மாதங்களில் சரியாகிவிடும். அதுவரை அவளைத் திட்டாதீர்கள்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு தாய்: மகளின் வாதக் கட்டுரையில் எதிர்த்தரப்புக் கருத்து இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நமக்கு எதிரானதை நாமே ஏன் எழுத வேண்டும்?

பட்டிமன்றம் கேட்டிருப்பீர்களே. 'எதிரணி நண்பர் இப்படிச் சொன்னார், அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால்...' என்று தொடங்கும் பேச்சாளர்தான் நம் மனத்தில் நிற்பார். இதுவும் அதேதான். காமன் கோரில் ஆறாம் வகுப்புக்குத் தன் கருத்தும் அதற்கான காரணங்களும் போதும். ஏழில் எதிர்க்கருத்தைக் குறிப்பிட வேண்டும். எட்டில் அதிலிருந்து தன் கருத்து எப்படி வேறுபடுகிறது என்றும் காட்ட வேண்டும்.

சான் ஹோசேயிலிருந்து ஒரு தந்தை: மாநிலத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி வேண்டுமா?

தேவையில்லை என்பதே என் கருத்து. கூட்டாட்சிச் சட்டப்படி மூன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்புத் தேர்வு உண்டு. பெரும்பாலும் கணினியில்தான் எழுத வேண்டும், கட்டுரையும் இருக்கும். கையால் அழகாக எழுதும் பிள்ளை அங்கே விசைப்பலகையோடு திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே அமர்வில் குறைந்தது 3 பக்கம் தட்டச்சு செய்ய முடிய வேண்டும் என்கிறது ஆறாம் வகுப்பு வரையறை. பயிற்சி வகுப்புக்குச் செலவழிக்கும் நேரத்தில் தட்டச்சு பழகட்டும்.

சியாட்டிலிலிருந்து ஒரு தாய்: மகன் தானே எழுதிய கட்டுரையை 'ஏஐ எழுதியது' என்று ஆசிரியர் சந்தேகிக்கிறார்.

கோபத்தோடு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் எப்போது எதை எழுதினான், எதை அழித்தான் என்ற பதிவு முழுவதும் இருக்கும். அதைத் திறந்துவைத்துக்கொண்டு மகனே ஆசிரியரிடம் விளக்கட்டும். இனிமேல் முதல் வரைவை ஒருபோதும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

பேத்தியோடு தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அம்மா, ஆங்கிலப் பாடத்தில் என்னால் என்ன உதவி செய்ய முடியும்? ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

ஐயா, ஒதுங்க வேண்டாம். உங்களிடம் இருப்பது வகுப்பில் பலரிடம் இல்லாதது. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை என்று பிரித்துக் காட்டுவீர்களே, அதே வேலையை இங்கே கிரேக்க, லத்தீன் வேர்களை வைத்துச் செய்கிறார்கள். ஆடியன்ஸ், ஆடிபிள், ஆடிட்டோரியம் மூன்றிலும் முன்னால் நிற்பது கேட்டலைக் குறிக்கும் லத்தீன் வேர். 'கேள்' என்ற பகுதியிலிருந்து கேள்வி, கேட்டான், கேளாத என்று எத்தனை சொற்கள் கிளைக்கின்றன என்று பேத்திக்கு நீங்கள் ஒருநாள் காட்டினால், தெரியாத ஆங்கிலச் சொல்லைப் பார்த்தாலும் அவள் அதை உடைத்துப் பார்ப்பாள்.

உவமையும் உருவகமும் அப்படியே. 'மலர் போன்ற முகம்' உவமை, 'முகமலர்' உருவகம் என்று நீங்கள் சொன்னால் அவளுக்கு ஆயுளுக்கும் மறக்காது. நான் இதைப் புரியவைக்க ஒரு பாடவேளை முழுவதும் செலவழிக்கிறேன்.

மாலையில் அவளுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். காகம், வடை, நரி போதும். முடிந்ததும் 'இது எதைப் பற்றிய கதை?' என்று கேளுங்கள். 'நரி வடையைத் திருடியது' என்பாள். அது கதைச் சுருக்கம். 'முகத்துதிக்கு மயங்கினால் கையில் இருப்பது போகும்' என்று அவள் வாயிலிருந்து வரும்வரை விடாதீர்கள். அதுதான் மையக்கருத்து. சுருக்கத்தையும் மையக்கருத்தையும் பிரித்தறியத் தெரியாமல்தான் ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். தமிழிலேயே பேசுங்கள். யோசிக்கப் பழகிவிட்டால் ஆங்கிலத்தில் அவளே எழுதிக்கொள்வாள்.

ஏழாம் வகுப்பு மாணவி, தாயின் வழியாக: டீச்சர், வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் பேச வேண்டும் என்கிறார்கள். பேசாவிட்டால் மதிப்பெண் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

கண்ணா, அந்த வட்டத்தில் உட்காரும் பாதிப் பேருக்குப் பயம்தான், அவர்கள் கைகள் நடுங்குவது எனக்குத் தெரியும். முந்தைய இரவே ஓர் அட்டையில் இரண்டை மட்டும் எழுதிக்கொள்: உனக்குப் பிடித்த ஒரு வரி, உனக்குப் புரியாததைப் பற்றி ஒரு கேள்வி. மூன்றாவது ஆளாகப் பேசிவிடு. கடைசிவரை காத்திருந்தால் நீ நினைத்ததை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், அந்த வரியின் பக்க எண்ணைச் சொல். எல்லோரும் பக்கத்தைப் புரட்டக் குனிவார்கள், யாரும் உன்னைப் பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மூச்சை இழுத்துவிட்டு வரியைப் படி.